கீழறையும் வுகாஷினின் பேட்சும்

எங்கள் கட்டடத்தின் கீழறையில் வுகாஷின் நான்கு வருடமாகக் கணினி வைத்து வேலை பார்க்கிறான். வாடகை கிடையாது. பதிலுக்கு எல்லா வீட்டையும் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பும் பம்பை அவன் கவனித்துக்கொள்ள வேண்டும். நாலாம் மாடி தோப்ரிலாவுக்கு அந்த அறை மேல் ஒரு கண். நவம்பர் வந்தால் எங்கள் நீஷ் நகரத்தில் யார் பால்கனியைப் பார்த்தாலும் உப்புநீரில் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய் நிற்கும்; தோப்ரிலாவுக்கு மூன்று பீப்பாய், அவற்றைக் கீழறைக்கு இறக்கிவிட வேண்டும். தனியாக இருக்கிறவள் மூன்று பீப்பாயை யாருக்குப் போடுகிறாள் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பிடி கொடுக்கவில்லை.

இந்தக் குளிர்காலம் ஆரம்பத்திலேயே தகராறு. காலை ஆறு மணிக்குச் சூடேற வேண்டிய ரேடியேட்டர்கள் சரியாக ஆறு மணிக்கு அணைந்தன. கட்டடத்தாரின் போன கூட்டத்தில் தோப்ரிலா குத்திக் குத்திப் பேச, வுகாஷின் ரோஷத்தில் வார்த்தையை விட்டுவிட்டான்: “அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்குள்ள சரி பண்ணலேன்னா அறைய நீங்களே எடுத்துக்கங்க.”

என் வீட்டு வாசல் கீழறைப் படிக்கு நேர் எதிரே. தினமும் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆகவே நடந்தது எனக்குத் தெரியும்.

பம்பை ஓட்டும் நிரலை எழுதியவன் நோவி சாத் நகரில் இருக்கும் ஓக்னியன். பல விதப் பம்புகளுக்கும் ஒரே நிரல். வுகாஷின் மவுஸைத் தொடமாட்டான். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பான். நிரலில் எங்கள் கிழட்டுப் பம்புக்குச் சம்பந்தமில்லாத வரிகளை அவன் கணினியில் இருக்கும் கருவி முதலில் கழித்துவிடும். அப்புறம் பேட்ச் என்று ஒரு சின்னக் கோப்பு. எந்த வரியை எடு, எந்த வரியைச் சேர் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துக் கருவி மிச்சத்தைத் திருத்தும். கருவி அவனே செய்தது என்பதால் எங்கள் மொழியிலேயே பேசும்.

புதன்கிழமை ஓக்னியன் ஒரு பேட்ச் அனுப்பினான். வியாழனும் வெள்ளியும் காலையில் வீடு கதகதப்பாக இருந்தது. தோப்ரிலா முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளி மதியம் நான் காப்பியோடு இறங்கும்போது ஓக்னியன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் காதில் விழுந்தது.

“அண்ணே, அந்தத் திருத்தத்த நிரலுக்குள்ளயே சேத்துட்டேன். புதுசா எடுத்துப் போட்டுக்கங்க.”

“இப்பவே நல்லாத்தானடா ஓடுது?”

“இதுல பம்பு பையப் பைய வேகம் எடுக்கும். உங்க கிழட்டுப் பம்புக்கு நல்லது.”

வுகாஷின் போனை வைத்தான். மூன்றாம் மாடி பல் டாக்டர் பெட்டியோடு வீட்டைவிட்டுப் போன கதையை நான் ஆரம்பித்தேன். அவன் தலையாட்டிக்கொண்டே புது நிரலை எடுத்து, வழக்கமான அந்த வரியை அடித்தான். பழைய பேட்சும் அதிலேயே சேர்ந்து ஓடும் என்பது நினைவில்லை போலும். கருவி பாதியில் நின்று திரையில் கேட்டது: ‘இந்தப் பேட்ச் ஏற்கெனவே போட்டது போல இருக்கிறது. கழற்றிவிடட்டுமா?’ டாக்டரின் பெட்டி என்ன நிறம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆம் என்று தட்டிவிட்டான். எனக்கு உறுத்தியது. ஆனால் அவன் தொழில் அவனுக்குத் தெரியாதா? கதையும் முக்கியமான இடத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை ரேடியேட்டர் பனிக்கட்டி.

பத்து மணிக்கு மாடிப்படியடியில் ஒன்பது பேர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றோம். தோப்ரிலா அளக்கும் நாடாவே கொண்டுவந்திருந்தாள்.

“தம்பி, நீ சொன்ன வாக்கு. ஞாபகம் இருக்கா, இல்ல அதுவும் ஆறு மணிக்கு அணைஞ்சிருச்சா?”

“நேத்து ஓடிச்சேக்கா. ஓக்னியன் என்னமோ கெடுத்துட்டான். போன் எடுக்க மாட்டேங்கிறான்.”

“ஓக்னியன் எடுக்கட்டும், எடுக்காம போகட்டும். நீ பெட்டிய எடு. எல்லாரும் கையத் தூக்குங்க.”

நாலு கைகள் எழுந்தன. ஐந்தாவதாக ஒன்று பாதி எழுந்தபோது நான் வாயைத் திறந்தேன். “வுகாஷின், நேத்து அது உன்கிட்ட ஏதோ கேட்டுச்சே. படிச்சுப் பாத்தியா?”

“என்ன கேட்டுச்சு?”

“பேட்ச் முன்னாடியே போட்டிருக்கு, கழட்டட்டுமான்னு. நீ ஆமான்னு தட்டுன.”

“ஐயையோ, ஓக்னியன் உள்ள சேத்த திருத்தத்த நானே கழட்டிட்டேனா?” வுகாஷின் கீழே ஓடினான். தோப்ரிலா என்னைப் பார்த்தாள். “ஏன் மிலுங்கா, நேத்தே சொல்றதுக்கு என்ன?”

“எனக்கென்னடி தெரியும் அதெல்லாம்?”

இருபது நிமிடம் கழித்துக் குழாய்கள் டொக் டொக்கென்று தட்டின. ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்கள். தோப்ரிலாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கீழறைக்கே போய், சுவரோரம் ஓடும் பெரிய குழாயைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறினாள்.

“இவ்வளவு சூட்டுல கோஸ் ஒரே வாரத்துல குழைஞ்சிருமே.”

கட்டடம் விறைத்தால்தான் அந்த அறை அவளுக்கு ஆகும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாடாவைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். அப்புறம் யாரும் கை தூக்கவில்லை.

திங்கட்கிழமை காப்பி கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டான்.

“நான் டைப் அடிக்கறப்ப இனிமே பேசாதீங்கக்கா.”

“நான் வாயத் தெறக்கலேன்னா இந்நேரம் நீ தெருவுலடா.”

கதவைத் தாழிட்டுக்கொண்டான். அவன் அறைதானே, தாழிட்டுக்கொள்ளட்டும்.