பெண்ணின் தாயார் எங்கே?

கனடா விசா ஆபீஸ் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. கல்யாணப் படங்களைப் பார்த்தோம். பெண்ணின் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள், சரி. தாயார் எங்கே? ஒரு படத்திலும் இல்லையே. இந்தத் திருமணம் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் நடந்ததா? விளக்கம் எழுதவும். மதுமதி இதைச் செல்போனில் படித்தபோது, மேற்படித் தாயார் அவளுக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி, விசா வந்துருச்சா?" என்றாள் பூவாத்தாள்.

"இல்லீங்கம்மா. சும்மா ஒரு வெவரம் கேட்டிருக்காங்க."

நவீன்குமார் டொரண்டோவிலிருந்து போன் செய்தான். கல்யாணமான கையோடு வேலைக்குத் திரும்பிவிட்ட மாப்பிள்ளை. அவன் குரலில் பயம் தெரிந்தது. "இதுல சந்தேகம்னு தள்ளிட்டாங்கன்னா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும் மது. வருசக்கணக்காயிரும். உங்கம்மா ஒரு படத்துலகூடவா இல்ல?" என்று கேட்டவன், கேட்ட பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டான். அவனும் நாமக்கல்காரன்தானே, ஏன் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

பரமத்தி வேலூர் மண்டபத்தில் நடந்த கல்யாணம் அது. அப்பா மதுமதி பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டார். பெரியப்பா தங்கமுத்துவும் பெரியம்மாவும் மணவறையில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பூவாத்தாளை மேடைக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி யாரும் பாவத்தைக் கட்டிக்கொள்வதில்லை. தாலி இழந்தவளுக்குத் தானாகவே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்து நடந்துகொண்டால் 'வெவரமானவ' என்று பெயர்.

மதுமதியோ இன்ஜினியரிங் படித்தவள். மகளிர் தினம் வந்தால் காலையிலேயே ஸ்டேட்டஸ் வைத்துவிடுவாள். மேடையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் அது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பெரியப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். காபி ஆறுவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கற? அம்மாளுக்கு அன்னைக்கு ஒடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரில சேத்திருந்தோம்னு எழுதிப் போடு அம்மிணி. சர்ட்டிபிகேட் நான் வாங்கியாறேன்."

மதுமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ரோஷம் வரும், என் பிள்ளை கல்யாணத்தில் நான் இருந்தேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"அதுக்கென்னங்க, அப்படியே எழுதிக்கட்டும். கையெழுத்து எங்க போடோணும் சாமி?" என்றாள் பூவாத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மதுமதிக்கு இருந்தது. இந்தக் கல்யாணத்துக்காகக் கரும்புக் காட்டில் நின்று வேகாத வெயிலில் வெந்தவள், அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை என்று கையெழுத்துப் போட எழுந்து வருகிறாள். மதுமதியால் அங்கே உட்கார முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள் பெரியப்பா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

போட்டோக்காரர் மயில்சாமி கடையில் தனியாகத்தான் இருந்தார். அம்மா இருக்கிற படம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்டதும் சங்கடப்பட்டார்.

"இருக்குதுங்க. ஆல்பத்துல வெச்சா உங்க பெரியப்பா சத்தம் போடுவாருன்னு நாந்தான் எடுத்துட்டனுங்க" என்றவர் கம்ப்யூட்டரில் தேடினார். பந்தியில் அம்மாவின் முதுகு வந்தது. காய்கறி அறையில் பாதி முகம் வந்தது. இதையெல்லாம் அனுப்பினால் சமையலுக்கு வந்த ஆள் என்றுதான் விசா ஆபீஸ்காரன் நினைப்பான். கடைசியில் ஒரு படத்தில் நிறுத்தி, "இது நல்லா வந்திருக்குது பாருங்க" என்றார்.

தாலி கட்டி முடிந்த நேரம். எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். மேடைப் படியில் ஒரு காலை வைத்தபடி பூவாத்தாள் நிற்கிறாள். மகள் தன் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த இளம்பச்சைப் பட்டு. கை நிறைய அரிசி, முகம் நிறையச் சிரிப்பு. மாலையும் கழுத்துமாக மதுமதி அவளை நேராகப் பார்த்துக்கொண்டு வலது கையை உயர்த்தியிருக்கிறாள்.

மதுமதிக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தக் கை எதற்காக உயர்ந்தது என்பது அவளுக்குத் தெரியும். 'உங்கம்மா மேல வாரா பாரு' என்று பெரியம்மா காதருகில் சொன்னாள், அது நிஜம். ஆனால் 'வராதீங்க, போங்க' என்று விரலை அசைத்தது பெரியம்மாவின் கை இல்லை. அதைப் பார்த்ததும் அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே அரிசியைப் போட்டாள். அது மேடைவரை வந்து சேரவில்லை. அதையும் மதுமதி பார்த்தாள். பார்த்துவிட்டு வீடியோக்காரர் சொன்ன பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. அதுதான் இப்போது அவளைக் கொன்றது.

படத்தைச் செல்போனில் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினாள். பூவாத்தாள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சேல எனக்கு எடுப்பாத்தான் இருந்திருக்குது" என்றாள் முதலில். பிறகு செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இதையே அனுப்பீரு. நீ என்னைய மேல வான்னு கூப்படற. எனக்குப் பந்தில வேலை, வர முடியல. அப்படின்னு எழுதீரு. ஆஸ்பத்திரி அது இதுன்னு எதுக்கு?"

"நான் கூப்படலீங்கம்மா."

"எனக்குத் தெரியாதா சாமி? படத்தப் பாக்கறவனுக்கு என்ன தெரியப் போகுது."

சொல்லிவிட்டு, கொதிக்கிற பருப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் காலைப் பிடித்து அழ வேண்டும் போலிருந்தது மதுமதிக்கு. அழுதால் அம்மா அதற்கும் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லுவாள். அதைக் கேட்கும் திராணி தனக்கு இல்லை என்று செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உண்மையை எழுதலாமா என்று நினைக்காமல் இல்லை. இரண்டு வரி எழுதியும் பார்த்தாள். நவீன்குமார் ஞாபகம் வந்தது, அழித்துவிட்டாள். அம்மா சொன்னதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதினாள். என் தாயாரை நான் மேடைக்கு அழைக்கிறேன், விருந்தினர்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் அவரால் வர இயலவில்லை.

ஆவணியில் விசா வந்தது.

புறப்படுகிற நாளில் வீடு நிறைய ஜனம். பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு எதிரே வருவதாக ஏற்பாடு. பூவாத்தாள் காலையிலேயே அடுப்படியில் வைத்து மகளைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்து, பொடி டப்பாக்களை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று சொல்லி முடித்துவிட்டாள். கார் கிளம்பும்போது அவளைக் காணவில்லை. மதுமதி கண்ணால் தேடினாள். அம்மா தூரத்தில், மாட்டுக் கொட்டகைத் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அதே இளம்பச்சைப் பட்டு.

மதுமதி கையை உயர்த்தி, வாங்கம்மா என்று கூப்பிட்டாள். கூட்டத்தின் சத்தத்தில் குரல் போய்ச் சேரவில்லை, கை மட்டும் தெரிந்தது. பூவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். புரிந்தது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஓரடி பின்னால் போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் மறைந்துகொண்டாள்.

மதுமதி காரை விட்டு இறங்கினாள்.

"அம்மிணி, பொறப்பட்டவ திரும்பப்படாது!" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

அவள் காதில் வாங்கவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போனாள். அங்கே எருமை மட்டும்தான் நின்றது. மகள் வருவதைப் பார்த்துவிட்டு, புறப்படுகிற பிள்ளையின் எதிரில் பட்டுவிடக் கூடாதே என்று பூவாத்தாள் பின்பக்கமாக இறங்கி, தென்னைகளுக்குள் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா!" என்று கத்தினாள். அந்த நடை இன்னும் வேகமானது.

பெரியப்பா வந்து தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். காரில் ஏறி உட்கார்ந்ததும் பெரியம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து அவள் கன்னத்தைத் தடவினாள்.

"அழுவாத கண்ணு. உங்கம்மா வெவரமானவ. யாரும் சொல்லாமலே எப்படித் தள்ளிப் போயிட்டா பாரு."

சொன்னது தான்தான் என்று மதுமதி அவளிடம் சொல்லவில்லை. கார் கிளம்பியது.