கலினா கை வைக்கும் கதவு

ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் எதிரே நிற்கிற முகங்களைத்தான். கலினாவும் அப்படித்தான். எங்கள் ப்ளோவ்திவ் ஊரின் பழைய நகரத்தில், உருண்டைக் கல் பாவிய மேட்டுத் தெருக்களில், பின்பக்கமாக நடந்தே பத்துப் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். எந்தக் கல் தூக்கிக்கொண்டிருக்கிறது, எங்கே படி இறங்குகிறது என்பதெல்லாம் அவள் குதிகாலுக்குத் தெரியும். கண் மட்டும் கூட்டத்தின் மேல் இருக்கும். யார் கொட்டாவி விடுகிறார், யார் நைசாக நழுவப் பார்க்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். வாய் ரோமானியர்களைப் பற்றிப் பேசும். கை தானாகப் பின்னால் போய்ச் சுவரைக் காட்டும்.

அன்றைக்கும் மசூதிக்குப் பக்கத்தில் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி மேடேறினாள். நவம்பர் மாதம், மப்பும் மந்தாரமுமான காலை. டச்சுக்காரத் தம்பதி ஒன்று, செர்பியாவிலிருந்து வந்த ஒரு பெண், உரக்கச் சிரிக்கிற ஒரு ஐரிஷ்காரர், இன்னும் சிலர். பாதி மேட்டில், எல்லோருக்கும் மூச்சு வாங்குகிற இடத்தில், பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் இரும்புக் கதவு இருக்கிறது. கலினா வழக்கமாக நிற்கிற இடம் அதுதான். அக்கம்பக்கத்தார் சாவு அறிவிப்புகளை ஒட்டுகிற இடமும் அதுதான்.

சாவு அறிவிப்பில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். கதவு, மரம், பேருந்து நிறுத்தம், எதுவும் தப்பாது. உயிரோடு இருந்தவரை ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளாத ஆள்கூடச் செத்த பிறகு தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார். அதை யாரும் கிழிக்க மாட்டோம். மழையும் வெயிலும் கிழித்தால்தான் உண்டு.

கலினா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டி, காகிதங்களின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இதெல்லாம் என்னன்னு எல்லாரும் கேப்பாங்க. தேர்தல் வேட்பாளர்னு சிலர் நினைச்சுக்குவாங்க. இல்ல, இவங்கல்லாம் பொய் சொல்றதை நிறுத்திட்டவங்க" என்றாள் ஆங்கிலத்தில். "நாங்க காலையில எழுந்ததும் முதல் வேலையா இங்க வந்து பார்ப்போம். நம்ம படம் இல்லையா? போச்சு, இன்னைக்கும் வேலைக்குப் போகணும்."

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். ஐரிஷ்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கலினாவும் கூடச் சிரித்தாள். செர்பியப் பெண் மட்டும் கழுத்தை நீட்டிக் கதவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செர்பியாவுக்கும் எங்களுக்கும் எழுத்து ஏறத்தாழ ஒன்றுதான், அவளால் படிக்க முடியும்.

"இவரு உங்களுக்குச் சொந்தமா?" என்றாள் அவள். "மூக்கு அப்படியே உங்க மூக்கு. உங்க பேரும் போட்டிருக்கே."

கலினா திரும்பினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கதவை அன்றுதான் பார்த்தாள்.

அவள் கைக்கடியில் அவள் அண்ணன் இருந்தான். ஆசென் வெல்கோவ். நம்மை விட்டுப் பிரிந்து நாற்பது நாள். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு தோள் பாதி தெரிந்தது. அது கலினாவுடைய தோள். கீழே, இன்று பதினோரு மணிக்கு மத்திய இடுகாட்டில் வழிபாடு. அதற்கும் கீழே, துயரத்தில் வாடும் மனைவி பென்கா, மகள் இவா, தங்கை கலினா.

அந்தக் காகிதத்தின் அடியில் இன்னொன்று இருந்தது. மழையில் ஊறிக் காய்ந்து வெளுத்திருந்தது. முகம் அதே முகம். செத்த அன்று ஒட்டியது. அப்படியென்றால் நாற்பது நாளாக ஆசென் இந்தக் கதவில் இருந்திருக்கிறான். நாற்பது நாளாக அவள் தினமும் வந்து, அவன் மேல் கையை வைத்து, ஊரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என் அண்ணன்" என்றாள். "செத்துப் போயிட்டார். எனக்கு இப்பத்தான் தெரியும்."

இதுவும் வேடிக்கைதான் என்று நினைத்து ஐரிஷ்காரர் இன்னொரு முறை சிரித்தார். செர்பியப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கலினாவின் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க கிளம்புங்க. இவங்களை நான் கீழ கொண்டுபோய் விட்டுடறேன். போங்க."

கலினா ஓடினாள். கல் தெருவில் முன்பக்கமாக ஓடிப் பழக்கமில்லாததால் இரண்டு இடத்தில் தடுக்கியது.

ஆசென் மேல் அவளுக்கு இருந்த கோபம் சில்லறைக் கோபமில்லை. அவள் சைப்ரஸ் தீவில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த காலத்தில் அவன் அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலினா செய்தி தெரிந்து ஊர் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் அவனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, அவன் எண்ணைக் கைபேசியில் முடக்கினாள். வீட்டையும் மாற்றிக்கொண்டாள். அவன் பக்கத்து நியாயம் என்று ஒன்று இருந்திருக்கலாம். அதைக் கேட்க அவள் தயாராக இல்லை. என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு மட்டும் உள்ளே எங்கேயோ கிடந்தது.

அந்த என்றைக்காவது இன்றைக்கு மதியத்தோடு முடிகிறது. செத்தவரின் உயிர் நாற்பது நாள் வீட்டைச் சுற்றி, தெருவைச் சுற்றித் திரியும் என்பது எங்கள் நம்பிக்கை. நாற்பதாம் நாள் குழியில் திராட்சை மது ஊற்றி, வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டால் விடைபெற்றுப் போய்விடும். சொல்ல வேண்டியது எதுவானாலும் அதற்குள் சொல்லியாக வேண்டும். டாக்சியில் உட்கார்ந்திருந்தபோது கலினாவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அவன் குழியில் தன் கையால் ஒரு வாய் மது ஊற்ற வேண்டும். அதற்கு பென்கா விட வேண்டும். 'நான் பார்க்கலை அண்ணி, சத்தியமா பார்க்கலை' என்று சொன்னால் விட்டுவிடுவாள். உண்மை அதுதானே. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இடுகாட்டு வாசலில் பூக்காரி, "ஆருக்கும்மா?" என்றாள்.

"அண்ணனுக்கு."

"செத்தவங்களுக்கு ரெட்டைப்படையாத்தான் தரணும்" என்று நாலு சாமந்தியைக் கட்டிக் கொடுத்தாள். "சாமியார் முடிச்சிட்டுப் போற நேரம். சீக்கிரம் போ."

சாமியார் எதிரே போய்க்கொண்டிருந்தார். குழியருகில் நாலைந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். கல் இன்னும் வைக்கவில்லை. மரச்சிலுவை, ஈர மண், காற்றில் அணைந்து அணைந்து எரிகிற மெழுகுவர்த்திகள். இவா கோதுமைக் கிண்ணத்தோடு நின்றாள். அத்தையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பென்கா கையில் மது பாட்டில் இருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் பென்கா. "நாப்பது நாள் ஆச்சா மகாராணிக்கு வழி கண்டுபிடிக்க?"

"அண்ணி, நான் வந்து..."

"உன் கதை அப்புறம். முதல்ல நான் பேசணும். மத்தவங்ககிட்ட நல்லா வாயடிக்கிறவதானே நீ? இன்னைக்கு நீ கேளு."

கலினா பூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உனக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். போகலை. சரி, நான் நேர்ல போய்க் கூட்டிட்டு வரேன்னேன். வேண்டாம்னுட்டார். 'நீ போய் நின்னா பரிதாபப்பட்டு வருவா. அவளா வரணும்'னார். திமிர்ல அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணுக்கொண்ணு குறைச்சல் இல்ல." பென்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோடையில ரெண்டு தடவை உன் கூட்டத்துக்குப் பின்னாடி வந்திருக்கார், தெரியுமா? தொப்பியை மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு."

"அண்ணனா?"

"பின்ன யாரு? இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியாது. எல்லாரும் சிரிச்சா இவரும் சிரிப்பாராம். வீட்டுக்கு வந்து 'நல்லா பேசுறா பென்கா'ம்பார். எதைப் பத்திப் பேசினான்னு கேட்டா, 'அதெல்லாம் எனக்கென்ன தெரியும், நல்லா பேசுறா.' "

பின்வரிசை ஆட்களின் முகத்தையெல்லாம் தினமும் எண்ணாத குறையாகப் பார்க்கிறவள் கலினா. தொப்பிக்காரர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

"கடைசியா தெளிவாப் பேசினது உன்னைப் பத்தித்தான்" என்றாள் பென்கா. "'அந்த மேட்டுல இரும்புக் கதவு இருக்குல்ல, அவ தினமும் கை வைக்கிற இடம், அங்க ஒட்டு. வேற எங்கயும் ஒட்டலேன்னாலும் பரவாயில்ல. அவ பேரையும் போடு. என் தங்கச்சி பார்த்துடுவா. அவ கண்ணுக்கு ஒண்ணு தப்பாது.' இவ்வளவும் சொல்லிட்டுத்தான் தூங்கினார். செத்த அன்னைக்கே போய் ஒட்டினேன். மழை கரைக்கக் கரைக்கத் திரும்ப ஒட்டினேன். நீ அடக்கத்துக்கு வரலை. சரி, கோபம்னு விட்டேன். ஒரு வாரம் கழிச்சு மனசு கேக்காம எதிர்ச் சந்துல வந்து நின்னேன்."

கலினா பூவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ வந்தே. அவர் மூஞ்சி மேலயே கையை வச்சே. என்னவோ சொன்னே. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே." பென்கா ஒரு எட்டு கிட்டே வந்தாள். "வேற எதுவும் எனக்கு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ பார்த்தியா, பார்க்கலையா?"

பதில் கலினாவின் நாக்கு நுனியிலேயே இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பதில். பார்க்கலை என்றால் போதும். பென்கா அழுவாள், திட்டுவாள், கடைசியில் பாட்டிலைக் கையில் கொடுப்பாள்.

ஆனால் அப்போதுதான் பென்காவின் கண்ணைப் பார்த்தாள். அது கோபக்காரியின் கண்ணாக இல்லை. மருத்துவர் கதவைத் திறந்து வெளியே வரும்போது வாசலில் காத்திருப்பவர் பார்க்கிற கண்ணாக இருந்தது. தங்கை கொடுமைக்காரி என்று கேட்பதற்கு பென்கா எப்போதோ தயாராகிவிட்டாள். இன்னொன்றைக் கேட்கத்தான் பயந்து நின்றாள். செத்துக்கொண்டிருந்த மனிதன் ஒரு நம்பிக்கையைச் சொல்லிவிட்டுத் தூங்கினான், அந்த நம்பிக்கை வெறும் காகிதமாக நாற்பது நாள் மழையில் நனைந்தது, யாருக்காக ஒட்டினார்களோ அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை அவன் குழியின் முன்னால் நின்று, அவன் இன்னும் போகாத இந்த நேரத்தில், அவன் காதில் விழ எப்படிச் சொல்வது?

"பார்த்தேன்" என்றாள் கலினா. "முதல் நாளே பார்த்தேன்."

"அவர்னு தெரிஞ்சுதானே கை வச்சே?"

"தெரிஞ்சுதான்."

இவா சட்டென்று தலையைத் திருப்பி அத்தையை ஏதோ அசிங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பென்கா மட்டும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவள் தோள் இறங்கியது. நாற்பது நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்ததுபோல முகத்தில் ஒரு ஆசுவாசம் வந்தது. சிலுவைப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?" என்றாள், வீட்டுக்குள் பேசுகிற குரலில். "பார்த்திருக்கா. நீங்க சொன்னது சரிதான். நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்."

பாட்டிலைச் சாய்த்து மண்ணில் ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. மண் அதைக் குடித்து முடிக்கும்வரை குனிந்தே நின்றாள். நிமிர்ந்தபோது அந்தக் குரல் போய்விட்டிருந்தது.

"இப்ப நீ போ" என்றாள் கலினாவைப் பார்க்காமல். "ஆறு மாசக் காகிதத்துல உன் பேர் இருக்காது. அதுக்கப்புறமும் எதுலயும் இருக்காது. அவர் சொன்னதை ரெண்டு தடவை போட்டாச்சு, என் கடமை முடிஞ்சுது. பூவையும் எடுத்துக்கிட்டுப் போ."

இவா கோதுமைக் கிண்ணத்தை மற்றவர்கள் பக்கம் நீட்டினாள். கலினாவைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தாள். வாங்கியவர்கள் வழக்கப்படி, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று முணுமுணுத்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். கலினாவும் அதைச் சொல்லலாமென்று பார்த்தாள். கோதுமை வாங்காத வாய் அதைச் சொல்லக் கூடாது.

நாலு பூவையும் பிடித்துக்கொண்டு அவள் வந்த வழியே நடந்தாள். இடுகாட்டு வாசலைத் தாண்டி, தெரிந்தவர் யாரும் இல்லாத பேருந்து நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அண்ணனுக்காக அழ முடிந்தது.