மலைச்சாலையில் ஒரு கேள்வி

மேடைப்படியில் கால் வைக்கும் முன் ஹாலிஸ் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை உருவி மகளின் கைப்பைக்குள் திணித்தார்.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னார்?"

"பேசக் கூடாதுன்னார். குழாயோட பேசலாம்னு சொல்லலையே. விடும்மா."

நடீன் விட்டாள். அந்த நிமிடத்திலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தாள், எழுந்து சுவரோரம் நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கைப்பேசி மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. டென்வரிலிருந்து தம்பி க்ளென். அப்பாவை வீட்டைவிட்டு அசைக்கவே கூடாது என்று காலையில் கத்தியவன் அவன்தான். சரி என்று சொல்லிவிட்டுத்தான் அவரைக் காரில் ஏற்றியிருந்தாள்.

அரங்கு நிறைந்திருந்தது. பழைய கணினிகளை அலமாரி அலமாரியாக நிறுத்திவைத்திருக்கும் அந்தக் கட்டடத்தில், சனிக்கிழமை மத்தியானம், கடற்கரைக்குப் போகாமல் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஹாலிஸ் கிம்பல் வடிவமைத்த இயந்திரங்களைப் பாடமாகப் படித்தவர்கள். மீதிப் பேர் அவரோடு வேலை பார்த்துத் தலை நரைத்தவர்கள்.

"கணினி கணக்குப் போடுதுன்னு நினைக்கிறீங்க" என்று ஆரம்பித்தார். "அது பெரும்பாலும் காத்துக்கிட்டுத்தான் நிக்குது. கணக்குப் போடுற இடம் ரொம்ப வேகம். எண்ணெல்லாம் இருக்கிற நினைவகம் ரொம்ப தூரம். ஒண்ணு வேணும்னு கேட்டா வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். அந்த நேரத்துல வேற வேலை எதையாவது பார்த்து வைக்கணும். யாருக்கும் தெரியாத மாதிரி. நான் வாழ்க்கை பூரா செஞ்சது அவ்வளவுதான். இதுக்குப் போயி மெடல் எல்லாம் குடுத்தாங்க."

சிரிப்பு எழுந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இடையில் ஒருமுறை சொல் வராமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. நடீன் பாதி எழுந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்து, உட்காரு என்பதுபோல் ஒரு விரலைத் தாழ்த்தினார். சொல் வந்தது.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "உங்க வேலையிலேயே ரொம்ப மோசமான நாள் எது சார்?"

"ஓ, அது சுலபம்" என்றார் ஹாலிஸ். "நாரைன்னு ஒரு இயந்திரம். அஞ்சு வருஷம் அதைக் கட்டினோம். ஒரு நாள் சாயங்காலம் மேலதிகாரி கூப்பிட்டு, நாரை வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னுட்டார். வீட்டுக்குப் போனா, வாசல்ல பலூன்! என் பொண்ணுக்கு எட்டாவது பிறந்தநாள். கேக்கை வாயில வச்சேன், இறங்கல. கராஜுக்குப் போயி கார்ல உக்காந்தேன். யோசிச்சுக்கிட்டே இருந்தேன். முடிவுல எழுந்தப்போ, நாரையில எது தப்புன்னு புரிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் நான் செஞ்சது எல்லாம் அந்தக் கார்ல கிடைச்சதுதான்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நடீன் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சக்கரக் காலணி வாங்கி வருவதாகச் சொன்னவர் வெறுங்கையோடு வந்தார். அவள் வீறிட்டு அழுதாள். அவர் எழுந்து போனார். அழுததால்தான் போனார் என்று அந்த எட்டு வயதில் முடிவு செய்துகொண்டாள். பிறகு அவர் முன்னால் அவள் அழுததே இல்லை. தன் மணமுறிவின்போதும் இல்லை, அம்மா லூயிஸ் செத்தபோதும் இல்லை.

கையெழுத்துக்கும் படத்துக்கும் நின்ற வரிசை கலைய நேரமாயிற்று. காரில் ஏற்றிக் குழாயை அவளே மூக்கில் மாட்டினாள். காலடியில் வைத்த சிறிய உருளையிலிருந்து காற்று சீறத் தொடங்கியது.

"எப்படி இருந்தது?" என்றார்.

"நல்லா இருந்தது."

"நடுவுல மாட்டிக்கிட்டேன் இல்ல?"

"யாருக்கும் தெரியல."

மலையைக் கடந்து சாண்டா குரூஸ் போகும் பதினேழாம் எண் சாலையில், கடற்கரைக்குப் போகிற வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. லாஸ் கேட்டோஸ் தாண்டும்வரை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"நாரை விஷயத்தை என்கிட்ட ஏன்பா சொல்லல?"

"அது என்ன ரகசியமா? துறையில எல்லாருக்கும் தெரியுமே."

"நான் உன் துறையில இல்லப்பா. உன் வீட்டுல இருந்தேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அடங்கக் காத்திருந்து மறுபடி கேட்டாள்.

"நான் அழுததாலதான் நீ எழுந்து போனேன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா."

"அழுதியா? எதுக்கு?"

"சக்கரக் காலணிக்கு. அப்புறம் ஒரு தட்டுல உனக்குக் கேக் எடுத்துக்கிட்டு கராஜுக்கு வந்தேன். கார் கண்ணாடியத் தட்டினேன். நீ திரும்பவே இல்ல. நான் தட்டினது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஹாலிஸ் அவளைப் பார்த்தார். பிறகு நெற்றியைச் சுருக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் குடு" என்றார்.

அந்த வீட்டில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. அப்பா ஒரு நிமிஷம் கேட்டுவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சூப் ஆறும், தொலைபேசி அடித்து ஓயும். கோடை முகாமுக்குப் போகட்டுமா என்று இரவு கேட்ட கேள்விக்கு மறுநாள் காலையில், முட்டையை உடைத்துக்கொண்டே, போ என்று பதில் சொல்லியிருக்கிறார். தாமதமானாலும் பதில் வரும். பொய்யாகவும் இருக்காது. அதனால் நடீன் காத்திருந்தாள்.

வானொலியை அணைத்தாள். க்ளென் அழைத்தபோது துண்டித்தாள். அணைக்கட்டு வந்து போனது. இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கின. ஒரு சரக்கு லாரி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து எரிச்சலூட்டியது. கேட்டது என்று சொன்னால் என்ன சொல்வது? கேட்கவில்லை என்றால் நம்புவதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுபேச்சைத் தயார் செய்தாள், கலைத்தாள். உச்சியில் காது அடைத்துத் திறந்தது. உருளை அதே சீரில் சீறிக்கொண்டிருந்தது.

இறக்கத்தின் முதல் வளைவில் கார் சாய்ந்தபோது அவர் தலை கண்ணாடியில் மோதியது. அடுத்த வளைவில் இந்தப் பக்கம் வந்தது. மறுபடி மோதியது. அவர் கழுத்தை நிமிர்த்தவில்லை.

"அப்பா?"

வண்டியை ஓரங்கட்ட இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தடுப்புச் சுவர், பின்னால் லாரி. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் அவர் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... அப்பா... பரவால்லப்பா. நீ சொல்ல வேண்டாம்ப்பா" என்றாள். ஸ்காட்ஸ் வேலி வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மளிகைக் கடை ஒன்றின் முன் வண்டியை நிறுத்தி அவசர எண்ணை அழைத்தாள். வந்தவர்கள் நாடி பார்த்தார்கள். நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாமென்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததை நடீன் சொன்னாள். அவர்களில் மூத்தவர் குனிந்து உருளையின் திருகை மூடினார். சீறல் நின்றது.

"கடைசியா எப்பம்மா பேசினார்?"

"லாஸ் கேட்டோஸ் தாண்டினதும்."

"அதுக்கப்புறம் மூச்சுத் திணறினாரா? ஏதாவது சத்தம்?"

"தெரியல. யோசிக்கிறார்னு நினைச்சேன்."

அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

க்ளென் மறுபடி அழைத்தான். இந்த முறை எடுத்தாள்.

"கூட்டிக்கிட்டுப் போயிட்ட, இல்ல?" என்றான் எடுத்ததுமே. "இணையத்துல ஓடுச்சு, நான் பார்த்தேன். மனுஷன் என்னமா பேசினார்! அந்தப் பலூன் கதையெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதே. சரி, உன்மேல இருக்கிற கோபம் அப்படியே இருக்கட்டும். அவர்கிட்ட குடு, ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

நடீன் காரைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றாள்.

"க்ளென், நீ எங்க இருக்க? வீட்டுலயா?"

"ஆமா, ஏன்?"

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவரை எடுத்துப்போக வேறொரு வண்டி வந்தது. துணியால் மூடி, பட்டைகளை இறுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். நடீன் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

கூரையில் அலைப்பலகை கட்டிய கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. வண்டி நிறுத்த இடம் தேடி வந்த ஒருத்தி கண்ணாடியை இறக்கி, "கிளம்புறீங்களா?" என்று கேட்டாள். பின்னிருக்கையில் ஈரத் தலையோடு ஒரு சிறுமி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

நடீன் இல்லையென்று தலையசைத்தாள். அந்தக் கார் வரிசையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, சற்றுத் தள்ளி, விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது.