இரண்டரைக் கோடி இலக்கங்கள்

கிள்ளானில் இடி இடித்தால் மாரிஸ் முதலில் செய்வது, வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்குவதுதான். ஒரு தடவை டிவி கருகியதிலிருந்து மனுஷனுக்கு அப்படி ஒரு பயம். போன வருடம் அதே வேகத்தில் மகள் எவலினின் கம்ப்யூட்டரையும் பிடுங்கித் தொலைத்தார். டிஸ்க் போயிற்று. அதோடு அவளுடைய மூன்று மாதக் கணக்கும் போயிற்று.

அப்படி என்ன பெரிய கணக்கு என்கிறீர்களா? எட்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் இரண்டரைக் கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும். அது பகா எண்தானா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாமல் நிற்குமா என்று பார்ப்பது. உலகம் முழுக்க இந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஆளுக்கோர் எண்ணை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள்.

"வெறும் நம்பர்தானே லா," என்றார் மாரிஸ். அந்த வார்த்தையை விட்டிருக்கவே கூடாது. எவலின் பையைத் தூக்கிக்கொண்டு சுபாங் ஜெயாவுக்குப் போய்விட்டாள். ரயிலில் அரை மணி நேரம்தான். எட்டு மாதமாக வரவில்லை. மனைவியும் முன்பே இறந்துவிட்ட வீட்டில் மாரிஸ் ஒண்டியாகக் கிடந்தார்.

சும்மா இருப்பாரா? அவள் விட்டுப்போன கம்ப்யூட்டருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் புது டிஸ்க் போட்டு, அதே எண்ணை அவள் பெயரிலேயே மறுபடி ஓடவிட்டார். அப்புறம் எவ்வளவு இடி இடித்தாலும் அந்தப் பிளக்கை மட்டும் தொடுவதில்லை. தினமும் காலையில் காபிக்கு முன்னால், எத்தனை சதவீதம் முடிந்தது என்று அந்தத் தேடல்காரர்களுக்கு அனுப்பும் பட்டனை ஒரு தட்டுத் தட்டுவார். பகா எண் என்று வரட்டும், போன் போட்டுச் சொல்லலாம், பிள்ளை வந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை விடை வந்தது. பகா எண் இல்லை. இனி எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது? அந்த விடையை அனுப்பக்கூட மாரிஸுக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தவர்தான், புதன்கிழமை முழுக்க எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை போன் அடித்தது.

"டேடி, உடம்புக்கு என்ன?" எவலினுக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் இல்லமா. உன் நம்பர் முடிஞ்சிருச்சு. பிரைம் இல்லையாம். சாரிமா."

"அது எனக்கு அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே தெரியும், டேடி. அதை வகுக்கிற நம்பரை யாரோ கண்டுபிடிச்சிட்டாங்க."

"அப்ப ஏன்மா சொல்லல? நான் பாட்டுக்கு ஓட விட்டுக்கிட்டு இருந்தேனே."

"சொன்னா நிப்பாட்டிருவீங்க. என் பேருல ஓடுறதால நீங்க பட்டன் தட்டினா எனக்கும் மெசேஜ் வரும். டேடி எந்திரிச்சிட்டாருன்னு நினைச்சுக்கிட்டு வேலைக்குப் போவேன். ரெண்டு நாளா வரல."

மாரிஸ் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இத்தனை மாதமும் அவளும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இப்ப எங்கமா இருக்கே?"

"கிள்ளான் ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். கதவைத் திறந்து வைங்க."