சாரதி சோமபால, கிளீனர் அருள்தாஸ்

படத்தில் இருப்பது நான்தான். பெட்ஃபோர்ட் லொறியின் மட்காட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இல்லாத நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன். பக்கத்தில் சோமபால அண்ணன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. கதவில் 'மக்கீன் டிரான்ஸ்போர்ட், இரத்தினபுரி' என்ற எழுத்து. எல்லாம் சரி. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததுதான் மூன்று நாளாக என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. 'சாரதி சோமபால, கிளீனர் அருள்தாஸ், 1978.'

போட்டது மக்கீன் முதலாளியின் பேத்தி அம்ரா. பழைய லொறிக் கம்பெனிகளின் கதைகளை ஃபேஸ்புக்கில் சேர்க்கிறாளாம். என் மகள் மேர்சி போனில் காட்டினாள். நானூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'றக்வான வளைவுகளை சோமபால மாதிரி யாரும் எடுத்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார்.'

கண்ணைக் கட்டவே தேவையில்லை. அந்த மனுசனுக்கு வலது கண் அறவே தெரியாது, இடது கண்ணில் பாதிதான் பார்வை. அந்த வளைவுகளை எடுத்தவன் நான்.

எழுபத்து நாலில் மக்கீன் முதலாளியிடம் கிளீனராகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. தோட்டத்து டிராக்டரில் ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த தோட்டக் குடும்பம் என்று எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடையாது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாதவனுக்கு லைசன் இல்லை. ஓட்டத் தெரிந்த என்னிடம் லைசன் கிடையாது, லைசன் வைத்திருந்த சோமபால அண்ணனுக்குக் கண் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு டிரைவர்.

றக்வான மலையில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றியதும் நான் ஸ்டேரிங்கில் உட்காருவேன். மாதம்பைச் சந்திக்குச் சற்று முன்னால் நிறுத்துவோம். நான் இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கிற பாவனையில் சுற்றி வருவேன், அண்ணன் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து என் இடத்துக்கு வந்துவிடுவார். பொலிசைத் தாண்டும்வரை மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி உருட்டுவார். தாண்டியதும் மறுபடி நான். முதலாளிக்குத் தெரியும். பெட்டி போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டார். இப்படியே ஏழு வருஷம்.

நல்ல டிரைவர் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்றவர்கள் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு இறங்குகிற இடத்தில் நான் மூன்றாம் கியரிலேயே வெட்டித் திருப்புவேன். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடா மல்லி" என்பார். தம்பி என்று கூப்பிடுகிறார் என்கிற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்.

எண்பத்தொன்று ஜூன் மாதம், மழை விட்ட ஒரு காலை, அப்படித்தான் மூன்றாம் கியரில் திரும்பினேன். சரிந்து கிடந்த மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை, சேற்றில் வழுக்கிக்கொண்டே போனது. அவர் பெயர் இராமசாமி என்று பிறகுதான் தெரியும். அங்கேயே முடிந்துவிட்டார்.

நான் ஸ்டேரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். சோமபால அண்ணன்தான் என் கைகளைப் பிரித்து, என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். "பய வென்ன எபா" என்றார். பயப்படாதே என்றால் பயப்படாமல் இருக்க முடியுமா? தனக்கு என்றால் இரண்டு வருஷச் சிறை, அட்டை இல்லாத என்னை உள்ளே வைத்துவிட்டு அப்படியே கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். கோர்ட்டில் அவருக்குச் சரியாக இரண்டு வருஷம்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஸ்டேரிங்கைத் தொடவில்லை. கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் றப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போய்விட்டேன். அடையாள அட்டை கைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

இதெல்லாம் நாற்பது வருஷமாக ஒரு மூலையில் சும்மாதான் கிடந்தது. அந்தக் 'கிளீனர்' என்ற சொல்தான் கிளறிவிட்டது. போதாததற்கு அம்ராவே போன் எடுத்தாள். "அங்கிள், ஞாயித்துக்கெழம வர்றேன். சோமபால அங்கிள் பத்தி வீடியோவுல சொல்லுங்க. அவரு மௌத்தாகிட்டாரு தானே, கூட இருந்தவங்கள்ல உசிரோட இருக்கிறது நீங்க மட்டும்தான்."

நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்தேன். மேர்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னாப்பா ஒங்களுக்கு?"

"ஏழு வருஷம் ஓட்டுனது நாந்தான்னு சொல்லப்போறேன்."

மேர்சிக்கு விஷயம் தெரியும். அவள் அம்மா சாகும்முன் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அப்ப அன்னைக்கும் நீங்கதானான்னு கேப்பாங்கல்ல?"

அதற்கும் நான் யோசித்து வைத்திருந்தேன். "அன்னைக்கு மட்டும் அண்ணன் ஓட்டுனாருன்னு சொல்லிக்கிறேன். கேசுலயும் அப்பிடித்தானே இருக்கு."

மேர்சி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. "அவரு மக கொடக்கவெலயில தானே இருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து இதச் சொல்லிட்டு வாங்க. அதுக்குப் பொறகு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த பஸ்காரன் ஓட்டிய ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. தேவையில்லாத இடத்தில் பிரேக், தேவையான இடத்தில் ஹோர்ன். ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்த பெண் காலை ஒதுக்கிக்கொண்டாள். சந்தியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழும்பி இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

அண்ணனின் மகள் நிரோஷா முற்றத்தில் பாயைப் போட்டுக் கொறக்காப் புளிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது தாண்டியிருக்கும், அப்படியே அண்ணனின் நெற்றி. யாரென்று சொன்னதும் எழும்பி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம்.

"அப்பா ஒங்களப் பத்தி பேசுவாரு மாமா. நல்ல பையன்னு சொல்லுவாரு."

நான் சுற்றி வளைக்கவில்லை. படத்தைப் பற்றிச் சொன்னேன், அண்ணனின் கண்ணைப் பற்றிச் சொன்னேன், சந்திக்குச் சந்தி இடம் மாறியதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் வீட்டுல சீனின்னு உப்ப அள்ளிப் போடுவாரு. அம்மா திட்டித் தீப்பாங்க. நாங்க நடிக்கிறாருன்னு நெனச்சோம்." அவள் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. வந்த வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அதத்தான் ஞாயித்துக்கெழம வீடியோவுல சொல்லலாம்னு இருக்கேன் மகள். ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

அவள் அடுத்த காயை எடுத்தாள். கத்தியை வைத்தவள் வெட்டவில்லை.

"அப்ப அன்னைக்கு ஓட்டுனது யாரு மாமா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில். அண்ணனின் நெற்றியோடு அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் எழும்பி உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் தணிந்திருந்தது.

"எனக்கு அப்ப எட்டு வயசு. மனுசனக் கொன்னவன் மகள்னு பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. அப்பா வெளிய வந்ததும் ஒரே ஒரு தடவ கேட்டேன், ஏன்ப்பா அப்பிடி ஓட்டுனீங்கன்னு. கவனமில்லாம இருந்துட்டேன் மகள்னாரு. ஒவ்வொரு சித்திரை வருஷப் பொறப்புக்கும் தம்பிங்க அப்பாவுக்கு வெத்தல குடுத்துக் கும்புடுவாங்க. நான் அடுப்படிய விட்டு வர மாட்டேன். அவரும் கூப்புட மாட்டாரு. சாகுற வரைக்கும் நான் ஒரு வெத்தல அவரு கையில குடுக்கல மாமா. செத்துப் பதினொரு வருஷம். இப்ப வந்து சொல்றீங்க."

"என்னய மன்னிச்சிரு மகள்."

அவள் பாயில் உட்கார்ந்து, நிறுத்தியிருந்த காயை வெட்டத் தொடங்கினாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. நான் இறக்கி வைக்க வந்த பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷத்தைக் கேட்டு வந்தவன், அவளுடைய முப்பது வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

நான் படலையைத் திறந்தபோது நிரோஷா கூப்பிட்டாள்.

"வீடியோவுல சொல்லுங்க. ஆனா அந்த ஏழு வருஷமும் அப்பா பேருலயே இருக்கட்டும். நல்லா ஓட்டுனாருன்னு நாலு பேரு சொல்றாங்க, அது அவருக்கே இருக்கட்டும். அந்த ஒரு நாள மட்டும் நீங்க எடுத்துக்கங்க."

நான் கேட்க நினைத்ததை அப்படியே தலைகீழாக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று ஞாபகமில்லை. மேர்சியிடம் வந்து சொன்னேன். அவள் சோறு போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் அம்ரா வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. போனை ஒரு சின்னக் கம்பத்தில் மாட்டி, என்னை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தாள். என் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, அது படத்தில் விழாதாம். மேர்சி கதவோரம் நின்றாள்.

"பேரும், எங்க வாப்பப்பாகிட்ட என்ன வேல செஞ்சீங்கன்னும் சொல்லுங்க அங்கிள்."

"அருள்தாஸ். கிளீனர்."

"சோமபால அங்கிள் எப்பிடி ஓட்டுவாரு?"

"அவரு மாதிரி அந்த மலையில ஒருத்தரும் ஓட்டுனதில்ல" என்றேன்.

அம்ரா சிரித்தாள். "நீங்களும் ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன்."

"எத்தன வருஷம்?"

ஏழு என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. முழுங்கினேன்.

"வருஷமெல்லாம் இல்ல புள்ள. ஒரே ஒரு நாள். அன்னைக்கு இராமசாமின்னு ஒருத்தரு ரோட்டுல மண்ணு வெட்டிக்கிட்டு நின்னாரு."