வலை இழுத்த பன்றி

என் அக்கா புருஷனை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

காகித ஆலையில் அவர்தான் மேற்பார்வையாளர். நான் பின்பக்கத்துக் கழிவுநீர்க் குளத்தில் மிதக்கும் கூளத்தை வலைபோட்டு அள்ளுகிறவன். வலையைக் கரைக்கு இழுப்பது கருப்பி. பன்றிதான், ஆனால் நீச்சலில் மீன் தோற்கும். நான் விசிலடித்தால் கயிற்று முனையைக் கவ்விக்கொண்டு வரும். வலைக்கு ஒரு ரொட்டி. வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது.

போன செவ்வாய்க்கிழமை மச்சான் போனில் யாரையோ திட்டிக்கொண்டே ஓரமாக நடந்து, வழுக்கி உள்ளே விழுந்தார். இரண்டாள் ஆழம். அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. நீட்டிய கம்பும் எட்டவில்லை. விசிலடித்தேன். கருப்பி பாய்ந்தது. அவருடைய மழைக்கோட்டு வாரை வலைக்கயிறு என்று நினைத்ததோ என்னவோ, கவ்வி இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, ரொட்டிக்காக என்னைப் பார்த்தது.

கறுப்புத் தண்ணீரை வாந்தியெடுத்து முடித்ததும் மச்சான் செய்த முதல் காரியம், அதன் மூக்கில் ஓர் உதை.

"சீ! பன்னி வாய என்மேல வச்சிருச்சேடா!"

"வைக்கலன்னா அக்கா இந்நேரம் தலையில அடிச்சுக்கிட்டு அழுதிட்டிருப்பா, மச்சான்."

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. சும்மாவா சொன்னார்கள்!

கேண்டீன் வரிசையில் அவரைப் பார்த்து யாரோ பன்றிபோல் உறுமினார்கள். ஆலையே சிரித்தது. மானம் போய்விட்டதாம். வெறிபிடித்த பன்றி தன்னைக் கடித்துக் குளத்தில் தள்ளியதென்று ஆலை நிர்வாகத்திடம் புகார் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கருப்பியை ஏற்றிப்போகக் கறிக்கடை வண்டி வந்து நின்றது.

"கூப்பிடுடா அத."

"உசிரக் காப்பாத்துனதுக்கு இதுவா கூலி, மச்சான்?"

"இந்த வேலைய உனக்கு யாருடா வாங்கிக் குடுத்தது? மனுஷன்னா கொஞ்சமாவது நன்றி இருக்கணும்!"

நன்றி! அந்த வாயிலிருந்து! காறித் துப்பத் தோன்றியது. வீட்டில் நான்கு வயிறு இருக்கிறதே. எச்சிலை விழுங்கிவிட்டு விசிலடித்தேன்.

கருப்பி வந்தது. வாயில் வலைக்கயிறு, வலை நிறையக் கூளம். என் காலடியில் போட்டுவிட்டு, வீங்கிய மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றது.

மச்சானைச் சொல்லி என்ன? வண்டி வருவது தெரிந்தும், அன்றைக்கு நான் ஒரு ரொட்டிகூட எடுத்து வந்திருக்கவில்லை.