ஒழுகும் மூலை

டீஸ்டேல் கட்டிய தேவாலயம் எரிந்து விழுந்தபோது ஊரே அழுதது. லூமிஸும் கைக்குட்டையை எடுத்தார். கண் மட்டும் நனையவில்லை.

இருவரும் இளவயதில் சின்சினாட்டியில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் கட்டட வரைபடம் வரைந்தவர்கள். டீஸ்டேல் ஒஹையோ ஆற்றங்கரையிலிருக்கும் இந்த ஊரில் அந்த ஒரு தேவாலயத்தைக் கட்டிவிட்டு, சிகாகோ போய்ப் பெரிய ஆளானார். லூமிஸ் இங்கேயே தங்கிவிட்டார். சிறைச்சாலை, பள்ளிக்கூடம், பன்றிக்கறிக் கிடங்கு என்று இருபது வருஷம் கட்டினார். படகிலிருந்து இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தது என்னவோ டீஸ்டேலின் கோபுரத்தைத்தான்.

இப்போது அந்த இடம் காலி. தன் புதிய தேவாலய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, கட்டட நிதி திரட்டிய திருமதி ப்ராட்டின் வீட்டுக்குப் போனார் லூமிஸ்.

"அழகாத்தான் இருக்கு, மிஸ்டர் லூமிஸ். ஆனா ஊர்க்காரங்களுக்குப் பழைய மாதிரியே வேணுமாம். முதல்ல டீஸ்டேலைத்தான் கேட்டோம். நேரமில்லையாம். 'லூமிஸ்கிட்ட கொடுங்க, அவன் என்னோடதை மனப்பாடமா வரைஞ்சிடுவான்'னு சொல்லி அனுப்பினார்."

லூமிஸுக்குக் காது சுட்டது. "அப்படியா சொன்னான்?"

"பழைய வரைபடமும் தீயில போயிடுச்சு. உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா சொல்லிடுங்க, நீங்க கொண்டுவந்த இதையே கட்டிடலாம்."

இல்லை என்ற ஒரு சொல் போதும். ஆனால் அது டீஸ்டேல் காதுக்குப் போகும். 'பாவம், அதுகூடத் தெரியலையா' என்று சிரிப்பான்.

பென்சிலை எடுத்தார். ஜன்னல் வளைவு, தூண்களின் இடைவெளி, கோபுரச் சரிவு. கை எங்கும் தயங்கவில்லை.

"அடேயப்பா! எப்படிங்க இது?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேனே, பிரசங்கம் கேக்கவா வந்தேன்? இதுல தப்பு எங்கேன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

"கிடைச்சுதா?"

"ஒண்ணே ஒண்ணு."

கோபுரமும் கூரையும் சேரும் மூலையைத் தொட்டுக் காட்டினார். மழை வந்தால் அதன் கீழே வாளி வைப்பார்கள். அதில் சொட்டு விழும் சத்தம் லூமிஸுக்கு எந்தத் துதிப்பாட்டையும் விட இனித்தது.

"அதையும் அப்படியே வரைஞ்சிருக்கேன்," என்றார்.

திருமதி ப்ராட் சிரித்துவிட்டார். "நல்லா யோசிச்சுக்குங்க. அழகா இருந்தா டீஸ்டேல் கட்டினதுன்னு சொல்வாங்க. ஒழுகினா லூமிஸ் கட்டினதுன்னு சொல்வாங்க."

லூமிஸ் அந்த மூலையை அழித்தார். ஈயத் தகட்டை அங்கே எப்படி மடித்தால் தண்ணீர் இறங்காது என்பது அவருக்கு என்றைக்கோ தெரியும். அந்தத் தாளில் தன்னுடையதான அந்தச் சின்ன மடிப்பை மட்டும், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வரைந்தார்.